‘ஜிஜி’யை முதலில் யார் சொல்வது? வாசகர் கேள்வி-பதில்

இணைய விளையாட்டுகளில் ஒருவரிடம் ஒருவர் நடந்துகொள்ளும் முறை பற்றி வந்த கேள்விகளை மட்டும் இந்த முறை எடுத்துக்கொண்டோம்.

கேள்வி: ஐவர் கொண்ட இரண்டு அணிகள் மோதும் டோட்டா ஆட்டத்தில் எதிரணியின் கோட்டை விழப்போகும் நேரத்தில் ‘ஜிஜி’ என்று போட்டேன். எதிரணியில் ஒருவர் கண்டபடி திட்டினார். நல்லதைத்தானே சொன்னேன்?

பதில்: சொன்னது நல்லதுதான், நேரம்தான் தப்பு. ‘ஜிஜி’ என்பது ‘குட் கேம்’ என்பதன் சுருக்கம். ஆனால் டோட்டா, ஸ்டார்கிராஃப்ட் போன்ற ஆட்டங்களில் அது தோற்கிறவர் வாயிலிருந்து முதலில் வரவேண்டிய சொல். ‘ஒப்புக்கொள்கிறேன், முடித்துக்கொள்வோம்’ என்று அதற்குப் பொருள். ஜெயிக்கப்போகிறவர் முந்திக்கொண்டால், ‘இன்னுமா எழுந்து போகவில்லை?’ என்று கேட்டதுபோல ஆகிவிடும். துப்பாக்கி ஆட்டங்களில் இவ்வளவு கறார் கிடையாது. முடிவுத் திரை வந்ததும் யார் வேண்டுமானாலும் சொல்லலாம். எந்த ஆட்டமானாலும் அந்தத் திரை வரும்வரை பொறுத்திருந்தால் வம்பில்லை.

கூடவே ‘ஈசி’ என்று ஒட்டுப்போடாதீர்கள். ஓவர்வாட்ச் ஆட்டத்தில் ‘ஜிஜி ஈசி’ என்று தட்டினால், ஆட்டமே அதை அழித்துவிட்டு, தட்டியவர் தன்னைத்தானே கேலி செய்துகொள்வதுபோல ஒரு வரியைப் போட்டுவிடும். கார்களை ஓட்டிக் கால்பந்து ஆடும் ராக்கெட் லீகில், கோலைத் தடுக்காமல் கோட்டைவிட்டவரிடம் ‘வாட் எ சேவ்!’ (என்ன அருமையான தடுப்பு!) பொத்தானை மூன்று முறை அழுத்துவதும் இதே ரகம். பள்ளியில் படித்த வஞ்சப்புகழ்ச்சி அணிக்கு இதைவிட நல்ல எடுத்துக்காட்டு கிடைக்காது. உண்மையாகவே பாராட்டத் தோன்றினால் ஒரு தடவை மட்டும் அழுத்துங்கள். அல்லது எது நன்றாக இருந்தது என்று குறிப்பிட்டு எழுதுங்கள்: ‘7-வது ரவுண்டில் பின்பக்கமாக வந்தது அபாரம்.’ இதை யாரும் குத்தலாக எடுத்துக்கொள்ள மாட்டார்கள்.

கேள்வி: பாதி ஆட்டத்தில் வீட்டில் கூப்பிட்டுவிடுகிறார்கள். சில நாள் இணையமே போய்விடுகிறது. வெளியேறினால் தடை போடுகிறார்கள். இது நியாயமா?

பதில்: உங்கள் பக்கம் நியாயம் இருக்கலாம், மிச்சமிருக்கும் நால்வரை நினைத்துப் பாருங்கள். ஐந்துக்கு நான்காக அவர்கள் அரைமணி நேரம் அடிவாங்க வேண்டும். காரணம் கரண்டா, கோபமா என்று சர்வருக்குத் தெரியாது; அதனால் கணக்கை வைத்துத்தான் தண்டிக்கிறது. டோட்டாவில் மொத்தம் 5 நிமிடம் தொடர்பில்லாமல் இருந்தால், ஆட்டத்தைக் கைவிட்டதாக எழுதிவிடும். கவுன்டர்-ஸ்ட்ரைக் குளோபல் அஃபென்சிவில் தடை 30 நிமிடத்தில் தொடங்கி 2 மணி, 24 மணி, 7 நாள் என்று படியேறியது.

ஆகவே உள்ளே போகும் முன்பே நேரத்தைக் கணக்குப் பாருங்கள். இருபக்கமும் தலா 10 நிமிடம் உள்ள சதுரங்கம் 20 நிமிடத்தைத் தாண்டாது. தலா 15 நிமிடம், நகர்வுக்கு 10 விநாடி கூடுதல் என்றால், 60 நகர்வு போனாலே 50 நிமிடம் ஆகலாம். குழு ஆட்டங்களுக்குக் குறைந்தது 45 நிமிடம் ஒதுக்குங்கள். அவ்வளவு நேரம் கையில் இல்லையா, தரவரிசைக்குக் கணக்கில் சேரும் ரேங்க் ஆட்டத்தைத் தொடாதீர்கள்.

இணையம் அறுந்தால், கணினியை அணைத்துப் போடுவதற்கு முன் ஆட்டத்தை மட்டும் மூடித் திறந்து பாருங்கள். பெரும்பாலும் ‘ரீகனெக்ட்’ பொத்தான் காத்திருக்கும். தானாக இறங்கும் அப்டேட்டுகளை முன்கூட்டியே நிறுத்திவையுங்கள். போனில் ஆடுபவர்கள் ‘டு நாட் டிஸ்டர்ப்’ போட்டுவிடுங்கள். போயே தீரவேண்டும் என்றால் ‘அவசரம், 3 நிமிடம்’ என்று ஒரு வரி எழுதிவிட்டு, உங்கள் பாத்திரத்தைப் பத்திரமான மூலையில் நிறுத்திவிட்டுப் போங்கள்.

தோல்வி உறுதி என்று தோன்றினால் அதற்கும் முறையான வழி உண்டு. லீக் ஆஃப் லெஜெண்ட்ஸில் 15-வது நிமிடத்தில் எல்லாரும் சம்மதித்தால் சரணடையலாம். 20-வது நிமிடத்துக்குப் பிறகு ஐவரில் நால்வர் போதும். வாக்கெடுப்பு தோற்றால் பேசாமல் ஆடுங்கள். மறுபடி மறுபடி அதையே கேட்டு நச்சரிப்பவர், வெளியேறியவரைவிடத் தொல்லை.

கேள்வி: இணையச் சதுரங்கத்தில் ராணியை இழந்ததும் எதிராளி நகர்த்தாமல் கடிகாரத்தை ஓடவிடுகிறார். நானும் பதிலுக்கு அப்படிச் செய்யலாமா?

பதில்: வேண்டாம். இரண்டையும் பிரித்துப் பாருங்கள். மோசமான நிலையிலும் கடைசிவரை ஆடுவது குற்றமே இல்லை. எதிராளி அசந்தால் ஸ்டேல்மேட்டில் (ராஜாவுக்குச் செக் இல்லை, ஆனால் நகர்த்த வழியும் இல்லை என்ற நிலை) டிரா கிடைக்கும். நகர்த்தாமல் உட்கார்ந்திருப்பதுதான் தவறு. லிசெஸ் தளத்தில் எதிராளி ஆட்டத்தைவிட்டுப் போய்விட்டால், சிறிது நேரத்தில் வெற்றியைக் கோரும் பொத்தான் வரும். அடிக்கடி இப்படிச் செய்பவருக்குத் தற்காலிகத் தடையும் விழும். ஆகவே சாட்டில் சண்டை போடாமல், தாவலை மூடாமல் காத்திருங்கள். அதேபோல டிராவை ஒருமுறை கேட்கலாம்; நாலு நகர்வுக்கு ஒருமுறை கேட்கக் கூடாது. காரணமில்லாத டிரா கோரிக்கையை எதிராளியைத் தொந்தரவு செய்வதாகவே சர்வதேசச் சதுரங்கக் கூட்டமைப்பான ஃபிடேயின் விதி 11.5 சொல்கிறது.

கேள்வி: மைக்கில் நான் பேசினாலே அணியில் மியூட் செய்துவிடுகிறார்கள். ஒரு கெட்ட வார்த்தைகூட நான் பேசுவதில்லை.

பதில்: அப்படியானால் பிரச்சினை பேச்சில் இல்லை, சத்தத்தில் இருக்கும். ஸ்பீக்கரில் ஆட்டம் ஓடினால் அந்த ஒலி உங்கள் மைக் வழியாகத் திரும்பிப் போய், மற்றவர்களுக்குத் தங்கள் குரலே எதிரொலிக்கும். இயர்போன் மாட்டுங்கள். மைக் எப்போதும் திறந்திருக்கும் அமைப்பை மாற்றி, பொத்தானை அழுத்தினால் மட்டும் பேசும் ‘புஷ் டு டாக்’ போடுங்கள். மின்விசிறியும் கீபோர்டும் அதோடு அடங்கிவிடும்.

பிறகு, என்ன சொல்கிறீர்கள்? ‘அங்க, அங்க, சுடு!’ என்றால் யாருக்கும் பயனில்லை. எத்தனை பேர், எங்கே, எவ்வளவு அடிபட்டிருக்கிறார்கள், இந்த மூன்று போதும்: ‘ரெண்டு பேர், படிக்கட்டு, ஒருத்தன் பாதி உயிர்.’ நீங்கள் இறந்துவிட்டால் இதைச் சொல்லிவிட்டு வாயை மூடுங்கள். அணியில் கடைசியாக நிற்பவர் எதிரியின் காலடி ஓசையைக் கேட்டுத்தான் பிழைக்கிறார். உங்கள் யோசனை அந்த ஓசையை மறைத்துவிடும். மைக்கே வேண்டாம் என்பவர்கள், ஓரிடத்தைச் சுட்டி அணிக்குக் காட்டும் பிங் குறிகளைப் பயன்படுத்தலாம். 2019-ல் வந்த ஏபெக்ஸ் லெஜெண்ட்ஸ், வாய் திறக்காமலே முழு ஆட்டத்தையும் ஒருங்கிணைத்து ஆட முடியும் என்று காட்டியது.

கேள்வி: சண்டை ஆட்டத்தில் ‘வைஃபையா? ஆடமாட்டேன்’ என்று சிலர் போய்விடுகிறார்கள். என் பிங் (சர்வருக்குத் தகவல் போய்வரும் நேரம்) நன்றாகத்தான் இருக்கிறது.

பதில்: சராசரி பிங்கை வைத்து முடிவு செய்யாதீர்கள். இந்த ஆட்டங்கள் விநாடிக்கு 60 சட்டகம், அதாவது 60 படம், ஓடுகின்றன. ஒரு சட்டகம் சுமார் 16.7 மில்லிவிநாடி. வைஃபை ஒரு கணம் 100 மில்லிவிநாடி தடுமாறினால், ஆறு சட்டகம் போயிற்று. ரோல்பேக் முறையில் ஆட்டம் உங்கள் அடுத்த அசைவை ஊகித்து, பிறகு திருத்துகிறது. ஊகம் தவறினால் எதிராளியின் திரையில் நீங்கள் ஓரிடத்திலிருந்து மறைந்து இன்னோரிடத்தில் முளைப்பீர்கள். உங்கள் திரையை மட்டும் பார்த்தால் இது புரியாது. ஒரு லேன் கேபிள் போடுங்கள்.

கேள்வி: அணியில் ஒருவர் தொடர்ந்து திட்டுகிறார். பதில் சொல்லாமல் இருந்தால் கோழை என்று நினைக்க மாட்டாரா?

பதில்: நினைக்கட்டும். நீங்கள் தட்டச்சு செய்யும் பத்து விநாடியும் கை ஆட்டத்தில் இல்லை. முதல் வசவிலேயே மியூட் செய்யுங்கள். பல ஆட்டங்களில் எழுத்து, குரல், பிங் குறி மூன்றையும் தனித்தனியாக நிறுத்த வேண்டியிருக்கும், கவனம். ஆட்டம் முடிந்ததும் சரியான வகையைத் தேர்ந்தெடுத்துப் புகார் கொடுங்கள். மோசமாக ஆடினார் என்பதற்காகப் புகார் கொடுக்காதீர்கள். அது விதிமீறல் இல்லை.

கேள்வி: அமாங் அஸ் ஆட்டத்தில் என்னைக் கொன்றது யார் என்று பக்கத்தில் இருக்கும் தம்பியிடம் சொல்லலாமா?

பதில்: கூடாது. அதில் இறந்தவர் பேயாகிவிடுவார்; பேய்க்கு வாய் கிடையாது.

கேள்வி: என்னைவிடப் பலவீனமான நண்பருடன் ஆடவேண்டும். வேண்டுமென்றே தோற்றால் கண்டுபிடித்துவிடுகிறார், ஜெயித்தால் அலுத்துவிடுகிறார்.

பதில்: தோற்பதுபோல நடிப்பதைவிட ஆட்டத்தையே சமன் செய்யுங்கள். கறுப்பு, வெள்ளைக் கற்களைப் பலகையில் வைத்து ஆடும் ‘கோ’ ஆட்டத்தில் இதற்குப் பழைய வழி ஒன்று உண்டு: பலவீனமானவர் 2 முதல் 9 கற்களை முன்கூட்டியே பலகையில் வைத்துக்கொள்வார், ஏறத்தாழ ஒரு தர வித்தியாசத்துக்கு ஒரு கல். சதுரங்கத்தில் அவருக்கு 10 நிமிடமும் உங்களுக்கு 3 நிமிடமும் வைத்துக்கொள்ளலாம். அப்போது இருவருமே முழு பலத்தோடு ஆடலாம். தொடர்ந்து மூன்று முறை ஒருவரே ஜெயித்தால் ஒரு கல்லையோ ஒரு நிமிடத்தையோ மாற்றிப் பாருங்கள்.