எஸ்.என்.எஸ். ஸ்கியில் என்.என்.என். சப்பாத்து

வணக்கம். கைமாறி வாங்கிய பனிச்சறுக்கு ஸ்கியில் இருக்கும் பைண்டிங் (சப்பாத்தை ஸ்கியோடு பூட்டும் கொளுவி) சாலமன் எஸ்.என்.எஸ். வகை, புதுச் சப்பாத்தோ என்.என்.என். என்ற வேறு வகை, கொளுவுதில்லை என்று எழுதியிருந்தீர்கள். கொளுவாதுதான். என்.என்.என். சப்பாத்தின் அடியில் நீளவாட்டில் இரண்டு மெல்லிய பள்ளங்கள் இருக்கும், எஸ்.என்.எஸ்.ஸில் அகலமாக ஒன்று. அமர்த்திப் பார்க்காதீர்கள், சப்பாத்தின் முன்கம்பிதான் உடையும்.

பைண்டிங்கை மாற்றுங்கள்: ரொட்டஃபெல்லா நிறுவனத்தின் என்.என்.என். பைண்டிங்கோ சாலமன் புரோலிங்கோ வாங்குங்கள். இரண்டிலும் உங்கள் சப்பாத்து ஏறும்.

அதற்கு முன் இரண்டு ஸ்கியையும் அடியோடு அடி சேர்த்துப் பிடியுங்கள். நடுவில் இடைவெளியே இல்லையென்றால் ஸ்கியின் மேல்நோக்கிய வளைவு செத்துப்போச்சு, காசைக் கொட்டாதீர்கள்.

பழைய பைண்டிங்கைக் கழற்றியதும் ஓட்டைகளை மரப்பசை தடவிய பிளாஸ்டிக் ஆப்பால் அடையுங்கள். தண்ணீர் இறங்கினால் உள்மரம் உக்கிவிடும். பிறகு வெறும் ஸ்கியை ஒரு அடிமட்டத்தின் விளிம்பில் வைத்துச் சமநிலைப் புள்ளியைக் குறியுங்கள். சப்பாத்துக் கம்பி மாட்டும் இடம் அந்தக் கோட்டில் வரவேண்டும். புது ஓட்டை பழையதை உரசிக்கொண்டு விழுந்தால் முழு பைண்டிங்கையும் கொஞ்சம் நகர்த்துங்கள், இல்லாவிட்டால் திருகாணி பிடிக்காது. துளையூசியில் ஆழத்துக்கு டேப் சுற்ற மறக்கவேண்டாம். நான் மறந்து, ஒருமுறை அடிப்பக்கத்தால் வெளியே வந்தது!