கேள்வி-பதில்: இணையத்தில் வரும் அறிபுனை (அறிவியல் புனைகதை) இதழ்கள்

கிளார்க்ஸ்வேர்ல்ட் இதழ் இணையத்தில் இலவசமாகவே வருகிறதே, காசு கொடுத்து எதற்கு வாங்க வேண்டும்?

2006 அக்டோபரில் தொடங்கிய அமெரிக்க மாத இதழ் அது. கதைகளை யாரும் தளத்தில் வாசிக்கலாம். ஆனால் எழுதியவருக்குப் பணம் உண்டு. 2023 கணக்குப்படி சொல்லுக்கு 12 சென்ட் கொடுத்தார்கள். 5,000 சொல் கதைக்கு 600 டாலர். ஒரு இதழுக்கு அப்படி ஏழு கதை என்றால் 4,200 டாலர் ஆகிவிடும். அட்டை ஓவியம், ஒலிவடிவம், ஆசிரியர் குழுச் செலவெல்லாம் தனி. இதில் பெரும்பகுதியைச் சந்தாதாரர்கள்தான் தாங்குகிறார்கள்.

2023 செப்டம்பரில் அமேசான் தன் மின்னூல் கருவியான கிண்டிலில் இதழ்ச் சந்தாவையே நிறுத்திவிட்டது. அதுவரை அங்கே சந்தா கட்டியவர்கள் யார் யார் என்ற விவரம் இதழ்களிடம் இல்லை. தனித்தனியே எழுதித் திரும்ப அழைக்கவும் வழியில்லாமல் போயிற்று. ஆகவே வாங்குவதென்றால் இதழிடமே நேரடியாகச் சந்தா கட்டுங்கள். அதுதான் அவர்களுக்கு உறுதியான வருமானம்.

வாங்கிய ஈபப் (மின்னூல்) கோப்பைக் கிண்டிலுக்கு மின்னஞ்சலில் அனுப்பினேன், வரவே இல்லை. ஏன்?

பெரும்பாலும், அனுப்பிய மின்னஞ்சல் முகவரி உங்கள் அமேசான் கணக்கின் அனுமதிப் பட்டியலில் இருக்காது. அதைச் சேர்த்துவிட்டு மறுபடி அனுப்புங்கள். கிண்டிலின் பழைய கோப்பு வடிவமான மொபியை இப்போது ஏற்பதில்லை. ஈபப்பின் பெயரை மட்டும் மொபி என்று மாற்றினாலும் போகாது.

தமிழில் எழுதிய கதையை ஆங்கிலமாக்கி இந்த இதழ்களுக்கு அனுப்பலாமா? கூகுளில் போட்டு மொழிபெயர்த்தால் ஏற்பார்களா?

முதல் கேள்விக்கு: தாராளமாக. ஸ்ட்ரேஞ்ச் ஹொரைசன்ஸ் என்ற இணைய அறிபுனை இதழின் சகோதர இதழான சமோவார், 2017 முதல் மொழிபெயர்ப்புக்காகவே வருகிறது. மூலமொழிக் கதையையும் ஆங்கில வடிவத்தையும் சேர்த்தே வெளியிடுகிறார்கள் என்பதால் தமிழ்ப் பிரதியும் சுத்தமாக இருக்க வேண்டும். இங்கேதான் நம்மவர்கள் பலர் தடுக்கி விழுகிறார்கள். பாமினி போன்ற பழைய எழுத்துருவில் தட்டிய கோப்பு அங்கே வெறும் ஆங்கில எழுத்துக் குப்பையாகத்தான் திறக்கும். யூனிகோடுக்கு மாற்றியபின் ஒருமுறை கண்ணால் பார்த்துவிடுங்கள்: 'கொ', 'கோ' போன்ற எழுத்துகளில் கொம்பு பிரிந்து, புள்ளி வட்டத்தோடு நின்றால் மாற்றம் சரியாக நடக்கவில்லை. கதை உங்களுடையது இல்லையென்றால் மூல ஆசிரியரின் எழுத்துப்பூர்வ அனுமதி முதலில் கையில் இருக்கட்டும்.

இரண்டாவதற்கு: வேண்டாம். 2023 பிப்ரவரி 20 அன்று கிளார்க்ஸ்வேர்ல்ட் கதை வாங்குவதையே நிறுத்தியது. அந்த மாதம் அதுவரை 500க்கும் மேற்பட்ட கதைகள் செயற்கை நுண்ணறிவு எழுதியவையாக வந்து குவிந்திருந்தன. மார்ச்சில்தான் மறுபடி திறந்தார்கள். குப்பையை ஒதுக்கவும் ஒரு மனிதர் உட்கார்ந்து பார்த்தாக வேண்டும். அந்த நேரம் புதிய எழுத்தாளரின் கதையிலிருந்து பறிபோகிறது. அதனால்தான் எந்திரம் எழுதியது மட்டுமில்லை, அதன் துணையோடு எழுதியதும் கூடாது என்று விதி வைத்திருக்கிறார்கள். உங்கள் ஆங்கிலம் கொஞ்சம் கரடுமுரடாக இருந்தாலும் பரவாயில்லை, உங்களுடையதாக இருக்கட்டும். தெரிந்த ஒருவரிடம் கொடுத்துத் திருத்தி வாங்குங்கள்.

அனுப்பும் கதைக் கோப்பை எப்படி அமைக்க வேண்டும்?

எழுத்து 12 புள்ளி, இரட்டை வரி இடைவெளி, நாற்புறமும் ஓர் அங்குலம். முதல் பக்கத்தின் இடது மேல்மூலையில் பெயர், முகவரி, மின்னஞ்சல். வலது மேல்மூலையில் சொல் எண்ணிக்கை. காட்சி மாறும் இடத்தில் வெற்று வரி மட்டும் விடாதீர்கள், வரியின் நடுவில் # குறி போடுங்கள். கோப்பு வடிவம் மாறும்போது வெற்று வரி காணாமல் போய், இரண்டு காட்சிகள் ஒட்டிக்கொள்ளும்.

கிளார்க்ஸ்வேர்ல்ட் 1,000 முதல் 22,000 சொல் வரை பார்க்கிறது. அங்கே இருக்கும் கதையை அதே நேரத்தில் வேறு இதழுக்கு அனுப்பக் கூடாது. ஒன்றுக்குப் பதில் வந்த பிறகே அடுத்தது.

'நாவலெட்' என்றால் குறுநாவலா?

இல்லை. அறிபுனைக்கான ஹியூகோ விருதுக் கணக்கில் 7,500 சொல்லுக்குக் கீழே சிறுகதை. அங்கிருந்து 17,500 வரை நாவலெட். அதற்கு மேல் 40,000 வரை நாவெல்லா. நாம் குறுநாவல் என்பது நாவெல்லாவுக்குத்தான் பொருந்தும்.