குதிரையேற்ற ஆசிரியராக விரும்பும் மகள்: ஒட்டுசுட்டான் தந்தையொருவருக்கு

மதிப்பிற்குரிய ஐயா,

உயிரியல் பிரிவில் உயர்தரப் பரீட்சை எழுதிவிட்டுப் பெறுபேற்றுக்காகக் காத்திருக்கும் உங்கள் மகள், செவ்வியல் குதிரையேற்றத்தைக் கற்று, பின்னர் அதையே பிறருக்குக் கற்பிக்க விரும்புகிறாள் என்றும், சுற்றுவட்டாரத்தில் குதிரை வளர்ப்பவர் எவரும் இல்லாத நிலையில் இதைக் கேட்டு நீங்களும் தாயாரும் கலங்கிப்போயிருக்கிறீர்கள் என்றும் எழுதியிருந்தீர்கள். சென்ற வாரம் அவளோடு நெடுநேரம் பேசினேன். என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: அவள் இத்துறைக்குச் செல்லலாம், ஆனால் பட்டமொன்றைப் பெற்றுக்கொண்டு, உங்கள் வயற்காணியை ஈடு வைக்காமல் செல்ல வேண்டும்.

இது எத்தகைய தொழில் என்பதை நீங்கள் அறிந்தால் உங்கள் அச்சத்தில் பாதி குறையும். குதிரையை அடித்தும் களைப்படையச் செய்தும் பணியவைக்கும் வழக்கம் பல நாடுகளிலும் இருந்தது. அதற்கு மாறாக, வற்புறுத்திச் செய்விக்கும் செயலைக் குதிரை விளங்கிக்கொண்டு செய்வதில்லை என்று கிரேக்கப் படைத்தலைவர் செனபோன் 2,300 ஆண்டுகளுக்கு முன்பே எழுதினார். ஐரோப்பாவின் செவ்வியல் மரபு அந்தக் கருத்தையே அடிப்படையாகக் கொண்டது. குதிரை அஞ்சி ஓடித் தப்பும் இயல்புடைய விலங்கு. தன் தோலில் ஒரு ஈ அமர்வதையும் அது உணரும். ஆகையால் ஏறியிருப்பவர் காலால் மெல்ல அழுத்தி, குதிரை சரியாக அசைந்த அந்தக் கணத்திலேயே அழுத்தத்தை விட்டுவிட வேண்டும். அழுத்துவதைவிட விடுவதே அதற்குப் பாடம் சொல்கிறது. ஒரு நொடி தாமதித்து விட்டால், அழுத்தம் எதற்காக விடப்பட்டது என்பது அதற்குப் புரியாது.

இம்மரபில் அவசரத்துக்கு இடமில்லாமைக்கு உடலியற் காரணமும் உண்டு. குதிரை தன் எடையின் பெரும்பகுதியை, ஏறத்தாழ 60 வீதத்தை, முன்னங்கால்களிலேயே தாங்குகிறது. மனிதர் முதுகில் ஏறும்போது அந்தச் சுமை மேலும் கூடுகிறது. பின்னங்கால்களையும் முதுகுத் தசைகளையும் படிப்படியாக வலுப்படுத்தி, எடையைப் பின்புறத்துக்கு மாற்றப் பழக்கினால்தான் அது நோவின்றிச் சுமக்கும். முதுகெலும்பின் வளர்ச்சி முழுமையடைய ஐந்து ஆறு வயதாகும் என்பதால், இளங்குதிரையை விரட்டிப் பழக்குபவர் அதன் ஆயுளையே குறைக்கிறார்.

வியன்னாவிலுள்ள எசுப்பானியக் குதிரையேற்றப் பள்ளியைப் பற்றி உங்கள் மகள் அதிகம் பேசினாள். 1565 ஆம் ஆண்டிலிருந்து சான்றுகளுள்ள அந்தப் பள்ளியின் கலையை யுனெஸ்கோ 2015 இல் மானிடத்தின் மரபுரிமையாகப் பட்டியலிட்டது. அங்கே புதிய மாணவரை அங்கவடியும் கடிவாள வாரும் இல்லாமல் அமரவைத்து, நீண்ட கயிற்றில் குதிரையைச் சுற்றவிட்டு, உடலின் சமநிலையை மட்டுமே நெடுங்காலம் பழக்குகிறார்கள். முழுமையான பயிற்றுநராவதற்கு ஏறத்தாழ 10 ஆண்டுகள் ஆகும். 2008 இல்தான் முதன்முதலாக இரு பெண்களை மாணவராகச் சேர்த்துக்கொண்டார்கள். மிக இளவயதிலேயே, ஜேர்மன் மொழியறிவோடு சேர வேண்டிய அந்த இடத்தை உங்கள் மகளின் இலக்காக நான் வைக்கவில்லை. அதை அவளிடமும் ஒளிக்காமல் சொன்னேன். அழுதாள், பின்னர் ஏற்றுக்கொண்டாள்.

அந்தப் பள்ளியின் ஒரு வழக்கத்தை நீங்கள் எளிதில் புரிந்துகொள்வீர்கள். புதிய மாணவருக்கு நன்கு பயின்ற மூத்த குதிரையையும், இளங்குதிரைக்கு அனுபவமுள்ள ஆசிரியரையும் கொடுக்கிறார்கள். பூநகரியில் என் பெரியப்பா இளங்காளையான நாம்பனை வண்டியில் பழக்கும்போது, பழகிய எருதோடுதான் ஒரே நுகத்தில் பூட்டுவார். மூக்கில் கோத்த நாணயக் கயிற்றை இறுக்கிப் பிடித்து அவர் இழுத்ததை நான் பார்த்ததில்லை. மூத்த எருது நின்றால் நாம்பனும் நின்றது. மாட்டுவண்டிச் சவாரித் திடலில் கேட்டிக் கம்பு முறிய அடிப்பவர்களும் நம்மிடையே இருக்கிறார்கள், இப்படிப் பழக்கியவர்களும் இருந்தார்கள். உங்கள் பட்டியில் முரண்டுபிடித்த கன்றொன்றை ஒரு மாதமாகத் தினமும் மாலையில் அருகே போய் நின்றே உங்கள் மகள் பழக்கிய கதையை அவளே சொன்னாள். குதிரை மீதான ஆசையைவிட அந்த ஒரு மாதமே எனக்கு அவள்மீது நம்பிக்கை தந்தது.

இனி வருமானம். வன்னியில் இத்தொழிலுக்கு இன்று இடமில்லை. கொழும்பிலுள்ள குதிரையேற்றக் கழகங்கள், பொலிஸ் குதிரைப்படைப் பிரிவு, நுவரெலியாவின் பந்தயத் திடல் என்று நம் நாட்டின் வாய்ப்புகளை விரல்விட்டு எண்ணிவிடலாம். வெளிநாட்டில் வாய்ப்பு அதிகம் என்றாலும், எவரும் லாயம் கூட்டுவதிலும் தீனி வைப்பதிலும் குளம்பு துப்புரவாக்குவதிலுமே தொடங்குகிறார்கள். சம்பளம் நீண்டகாலம் சிறிதாகவே இருக்கும். விழுந்து எலும்பு முறிவதும் அரிதன்று. பராமரிப்பாளர் வேலையைப் பயிற்றுநர் வேலை என்று சொல்லிப் பணம் கேட்கும் முகவரை நம்ப வேண்டாம். வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகத்தில் பதிவுள்ள நிறுவனமா என்று பார்க்காமல் ஒரு சதமும் கொடுக்காதீர்கள்.

ஆகையால் பெறுபேறு இடமளித்தால் பேராதனையில் கால்நடை மருத்துவத்துக்கு முதலாவதாக விண்ணப்பிக்கட்டும். அது கிடைக்காவிட்டால், யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் விவசாய பீடம் கிளிநொச்சி அறிவியல்நகரிலேயே இருக்கிறது. அங்கே விலங்கு விஞ்ஞானம் கற்கலாம். குதிரையின் நடையையும் நோவையும் அறிந்த ஆசிரியருக்கு எந்த லாயத்திலும் மதிப்புண்டு. குதிரைத் தொழில் கைகூடாவிட்டாலும் அந்தப் பட்டம் அவளுக்குச் சோறு போடும். பிரித்தானியக் குதிரைச் சங்கம் படிநிலையாக நடத்தும் தகுதிப் பரீட்சைகளுக்கு அதன்பின் முயலலாம். விடுமுறைகளில் கொழும்பில் ஒரு கழகத்தில் லாய வேலை கேட்டுப் பார்ப்பதை அதற்காகத் தள்ளிப்போட வேண்டியதில்லை.

பெறுபேறு வரும்வரையுள்ள மாதங்களை வீணாக்க வேண்டாம். மன்னார் நகரத் தெருக்களில் திரியும் கட்டாக்காலிக் கழுதைகள் குதிரையின் நெருங்கிய உறவு. அவற்றின் குளம்புக்கும் காயத்துக்கும் வைத்தியம் பார்க்கும்போது கூடநின்று உதவ முடியுமா என்று அங்குள்ள அரச கால்நடை வைத்தியரிடம் கேட்கலாம். ஒருமுறை நீங்களே அவளைக் குறிகட்டுவானிலிருந்து படகேற்றி நெடுந்தீவுக்கு அழைத்துச் செல்லுங்கள். ஐரோப்பியர் காலத்திலிருந்து அங்கே நிற்கும் கட்டாக்காலிக் குதிரைகளுக்கு அருகே போகாமல், தொலைவில் அமர்ந்து, எது எதற்கு வழிவிடுகிறது, எது காதை மடக்கினால் எது விலகுகிறது என்று அவள் நாள்முழுதும் பார்த்து எழுதட்டும். பெறுபேறு வந்ததும் பல்கலைக்கழக அனுமதிக்கான இசட் புள்ளியோடு அந்தக் கொப்பியையும் எடுத்துக்கொண்டு மூவரும் வாருங்கள். தாயாரின் கேள்விகளை நான் இன்னும் நேரில் கேட்கவில்லை.