முதல் நூறு கிலோமீட்டருக்குப் பிறகு: வாசகர்களின் கேள்விகளும் என் பதில்களும்

தென்னாப்பிரிக்காவில் பீட்டர்மாரிட்ஸ்பர்க்கிலிருந்து டர்பன் வரை 106 கிலோமீட்டர் ஓட்டும் அமாஷோவா சைக்கிள் சவாரி முடிந்து வரும் வாரத்தில்தான் எனக்கு அதிகக் கடிதங்கள் வருகின்றன. சவாரிக்கு எப்படித் தயாராவது என்று கேட்டவர்களைவிட, முடித்தபின் என்ன செய்வது என்று கேட்பவர்களே அதிகம். ஆறு மாதம் பயிற்சி செய்தவர்கள்கூட, மறுநாள் திங்கட்கிழமைக்கு ஒரு திட்டமும் வைத்திருப்பதில்லை. இயன்முறை மருத்துவராக இதைப் பார்க்கும்போதெல்லாம் மனம் வருந்துகிறது. பயிற்சியின் பலன் உடம்பில் சேர்வது ஓய்வில்தான். எந்த வலியைப் பொறுத்துக்கொள்ளலாம், எந்த வலிக்கு உடனே எழுந்து போக வேண்டும் என்ற வேறுபாட்டைத்தான் கீழுள்ள பதில்களில் திரும்பத் திரும்பச் சொல்கிறேன்.

ஞாயிறு சவாரி முடிந்ததும் நன்றாகவே இருந்தேன். செவ்வாய்க்கிழமை காலை படியில் இறங்கவே முடியவில்லை. லாக்டிக் அமிலம் தங்கிவிட்டது என்கிறார் நண்பர். உண்மையா? (38 வயது, சாட்ஸ்வர்த்)

இல்லை. லாக்டேட் சவாரி முடிந்த ஒன்றிரண்டு மணி நேரத்திலேயே இரத்தத்திலிருந்து வடிந்துவிடும். செவ்வாய்க்கிழமை உங்களைப் படியில் நிறுத்தியது, பழக்கமில்லாத உழைப்பால் தசை நார்களில் ஏற்பட்ட நுண்ணிய சேதமும் அதைச் சரிசெய்ய உடம்பு தொடங்கிய வேலையும். இந்த வலி உடனே வராது. 24 மணி நேரத்துக்குப் பிறகு ஏறி, இரண்டாம் மூன்றாம் நாளில் உச்சம் தொட்டு, ஐந்தாறு நாளில் அடங்கும்.

உண்மையில் சைக்கிள் தசைகளிடம் இரக்கமாகவே நடந்துகொள்கிறது. பெடலை மிதிக்கும்போது தொடைத்தசை சுருங்கித் தள்ளுகிறது. பாரத்தைத் தாங்கியபடி நீள்வதில்லை. ஏறக்குறைய இதே பாதையில் காம்ரேட்ஸ் மராத்தான் ஓடிக் கீழே இறங்குபவர்களின் தொடைகளைப் பார்த்தால் வேறுபாடு புரியும். ஃபீல்ட்ஸ் ஹில் இறக்கத்தில் அவர்களுடைய ஒவ்வோர் அடியும் தொடையை அடிக்கிறது. நீங்கள் அங்கே பிரேக்கைப் பிடித்தபடி உட்கார்ந்து வருகிறீர்கள். அதனால் சைக்கிள் ஓட்டியவருக்கு வலியைவிடக் கால் கனப்பதும் சோர்வும்தான் அதிகம். தசையிலும் கல்லீரலிலும் சேர்த்து வைத்திருந்த மாவுச்சத்து தீர்ந்துபோனதே அதற்குக் காரணம். அது மீண்டும் நிரம்ப ஒரு நாளிலிருந்து இரண்டு நாள் ஆகும்.

படுத்தே கிடக்காதீர்கள். கடற்கரை நடைபாதையில் இருபது நிமிடம் மெதுவாக நடங்கள். புதன்கிழமை சமதரையில் அரை மணி நேரம், பேசிக்கொண்டே ஓட்டக்கூடிய வேகத்தில் சைக்கிள் மிதியுங்கள். மசாஜ் இதம் தரும், வேண்டுமானால் செய்துகொள்ளலாம். தசையை இழுத்து நீட்டும் பயிற்சியால் இந்த வலி அதிகம் குறைவதில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன். வலிக்க வலிக்க இழுக்க வேண்டாம்.

ஒன்றை மட்டும் சோதித்துப் பாருங்கள். வலி இரு தொடைகளிலும் பரவலாக இருந்தால் கவலை இல்லை. முழங்காலில் விரல் வைத்துக் காட்டக்கூடிய ஒரே இடத்தில் இருந்தால், அது மூட்டைச் சேர்ந்தது. முன்பக்கம் வலித்தால் பெரும்பாலும் சீட் தாழ்வாக இருந்திருக்கும். பின்பக்கம் என்றால் உயரமாக இருந்திருக்கும். ஒரே காலின் கெண்டைக்கால் மட்டும் வீங்கி, சூடாகி, தொட்டால் வலித்தால் இரத்தக் கட்டியாக இருக்கலாம். சவாரி முடிந்து நீண்ட நேரம் காரிலோ விமானத்திலோ உட்கார்ந்து வந்தவர்கள் இதைக் கூடுதலாகக் கவனிக்க வேண்டும். அன்றைக்கே மருத்துவரிடம் போங்கள்.

புரட்டாசியில் எங்கள் வீட்டில் மாமிசம் கிடையாது. சவாரியோ அந்த மாதத்தை ஒட்டியே வருகிறது. கோழியும் புரதப் பொடியும் இல்லாமல் தசை தேறாது என்று குழுவில் உள்ளவர்கள் பயமுறுத்துகிறார்கள். (ஃபீனிக்ஸ் வாசகி)

பயப்பட வேண்டாம் அம்மா. விரதத்தை விடவும் வேண்டாம். அப்படிக் கேட்கும் உரிமை எவருக்கும் இல்லை. மருத்துவக் காரணமும் இல்லை.

ஒரு வேளைக்கு உடல் எடையில் கிலோவுக்கு 0.3 கிராம் அளவு புரதம் போதும். அறுபது கிலோ எடை என்றால் சுமார் 18 கிராம். ஒரு கிண்ணம் வெந்த சுகர் பீன்ஸில் ஏறத்தாழ 15 கிராம் இருக்கிறது. ஒரு டம்ளர் அமாசியில் (இங்கே குடிக்கும் புளித்த பால்) எட்டு கிராம் அளவு. நம் வீட்டுச் சோறு, பருப்பு, பீன்ஸ் கறி, பக்கத்தில் ஒரு டம்ளர் அமாசி: கடையில் விற்கும் எந்தப் பொடியும் இதைவிடப் பெரிதாக எதையும் தரப்போவதில்லை. பருப்பையும் அரிசியையும் சேர்த்து உண்ணும் வழக்கத்தில் ஒன்றில் குறைவான அமினோ அமிலத்தை மற்றது ஈடுகட்டுகிறது. பாட்டிமார் இதற்குப் பெயர் வைக்காமலே சமைத்து வந்தார்கள்.

மாவுச்சத்தைத்தான் பலர் மறந்துவிடுகிறார்கள். எடை குறைய வேண்டும் என்று சவாரி நாள் இரவில் சோற்றைத் தவிர்ப்பது பெரிய பிழை. முடித்த ஒரு மணி நேரத்துக்குள் வாழைப்பழமோ இனிப்பிட்ட சோளமாவுக் கஞ்சியோ சாப்பிடுங்கள். இரவில் வயிறார உண்ணுங்கள். ஆடி மாதத்தில் மாரியம்மன் கோயிலில் ஊற்றும் கூழின் நினைவு வருகிறதா? களைத்து வந்த உடம்புக்கு அதைவிடப் பொருத்தமானது அரிது: தண்ணீர், மாவு, உப்பு, மூன்றும் ஒரே கிண்ணத்தில்.

தாவர உணவு மட்டுமே உண்ணும் பெண்கள், சோர்வு இரண்டு வாரத்துக்கு மேல் நீடித்தால் இரும்புச் சத்துக்கான இரத்தப் பரிசோதனை ஒன்று செய்துகொள்ளுங்கள்.

எனக்கு 54 வயது. பத்து ஆண்டுகளாக நீரிழிவுக்கு மாத்திரையும், இரவில் இன்சுலினும். சவாரி நன்றாக முடிந்தது. அன்று இரவு இரண்டு மணிக்கு வியர்த்துக் கொட்டி, கை நடுங்கி எழுந்தேன். மனைவி மிகவும் பயந்துவிட்டார். (டோங்காட்)

உங்கள் கடிதத்தை மற்ற எல்லாவற்றுக்கும் முன்னால் வைக்க விரும்பினேன். நம்மவர்களில் நீரிழிவு இல்லாத குடும்பம் அரிது. ஆகவே இது பலருக்கான பதில்.

அன்று இரவு உங்கள் இரத்தச் சர்க்கரை இறங்கியிருக்கிறது. நீண்ட உழைப்புக்குப் பிறகு காலியான தசைகள் இரத்தத்திலிருந்து சர்க்கரையை இழுத்துக்கொண்டே இருக்கும். இன்சுலினும் வழக்கத்தைவிடக் கூர்மையாக வேலை செய்யும். இது சவாரியோடு முடிவதில்லை, 24 மணி நேரம் வரை தொடரலாம். பகலில் அளந்தபோது 8, 9 (லிட்டருக்கு மில்லிமோல் கணக்கில்) என்று இருந்ததை நம்பி வழக்கமான அளவு இன்சுலினைப் போட்டுக்கொண்டு படுத்தால், பின்னிரவில் 4க்குக் கீழே போய்விடுகிறது.

அப்படி எழுந்தால் உடனே மூன்று தேக்கரண்டி சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்துக் குடியுங்கள், அல்லது அரை டம்ளர் பழச்சாறு. பதினைந்து நிமிடம் கழித்து மீண்டும் அளந்து பாருங்கள். இன்னும் 4க்குக் கீழே என்றால் மறுபடியும் குடியுங்கள். சரியானபின் ரொட்டித் துண்டோ பிஸ்கட்டோ சாப்பிட்டுவிட்டுத்தான் படுக்க வேண்டும். நினைவு தப்பியவரின் வாயில் எதையும் ஊற்றக் கூடாது. அவரை ஒருக்களித்துப் படுக்க வைத்து 10177-ஐ அழையுங்கள், கைப்பேசியிலிருந்து 112. உங்கள் மனைவிக்கு இதைப் படித்துக் காட்டுங்கள். அந்த நேரத்தில் உங்களைக் காப்பாற்றப்போவது அவர்தான்.

அடுத்த சவாரிக்கு முன் உங்கள் மருத்துவரிடம் ஒரே கேள்வியோடு போங்கள்: அன்றைய இரவு இன்சுலினை எவ்வளவு குறைக்க வேண்டும்? இதை நீங்களாக முடிவு செய்ய வேண்டாம். கிளிகிளசைடு, கிளிமெபிரைடு போன்ற மாத்திரைகளும் சர்க்கரையை இப்படி இறக்கக்கூடியவை. மெட்ஃபார்மின் மட்டும் எடுப்பவர்களுக்கு இது அரிது. படுக்கும் முன் அளந்து, 7க்குக் கீழே இருந்தால் ஏதாவது உண்ணாமல் விளக்கை அணைக்காதீர்கள்.

இன்னொன்று. கால் விரல்களின் இடுக்கையும் பாதத்தின் அடிப்பகுதியையும் கண்ணாடி வைத்துப் பாருங்கள். இறுகிய ஷூவுக்குள் ஐந்து மணி நேரம் இருந்த பாதத்தில் கொப்புளம் இருந்தாலும் உங்களுக்கு வலி தெரியாமல் போகலாம்.

மோதிர விரலும் சுண்டு விரலும் மூன்று நாளாக மரத்திருக்கின்றன. (மெரிபேங்க்)

உள்ளங்கையின் சுண்டுவிரல் பக்கமாக ஓடும் நரம்பு, ஹேண்டில்பாரில் நெடுநேரம் அழுந்தியதால் வந்தது. நீண்ட இறக்கங்களில் பிரேக்கை இறுக்கிப் பிடித்தபடி உடம்பின் பாரம் முழுவதையும் கையில் போட்டிருப்பீர்கள். பெரும்பாலும் சில நாட்களிலிருந்து சில வாரங்களில் தானே சரியாகும். அதுவரை சைக்கிளைத் தொட வேண்டாம். சாவியைத் திருகவோ சட்டைப் பொத்தானைப் போடவோ முடியாத அளவு பலம் குறைந்தால் காத்திருக்காமல் மருத்துவரைப் பாருங்கள். திரும்ப ஓட்டும்போது சீட்டின் முனை கீழ்நோக்கிச் சரிந்திருக்கிறதா என்று பாருங்கள். சரிந்த சீட் உடம்பைக் கைமேல் தள்ளிவிடும்.

கேட்கவே கூச்சமாக இருக்கிறது அக்கா. உட்காரும் இடத்தில் புண்ணும் கட்டியும் வந்திருக்கின்றன. (பெயரும் ஊரும் வேண்டாம் என்ற வாசகி)

கூச்சப்பட ஒன்றுமில்லை. முதல் நீண்ட சவாரியில் இது மிகச் சாதாரணம்; எழுதிக் கேட்காமல் துன்பப்படுகிறவர்கள் உங்களைப்போல் பலர். வெதுவெதுப்பான நீரில் கழுவி, தேய்க்காமல் ஒற்றித் துடைத்து, தளர்ந்த பருத்தி உடை அணியுங்கள். கட்டியைப் பிதுக்க வேண்டாம். முழுவதும் ஆறும் வரை சீட்டில் உட்கார வேண்டாம். சிவப்பு பரவினாலோ, சீழ் வடிந்தாலோ, காய்ச்சல் வந்தாலோ மருத்துவரிடம் போங்கள். நீரிழிவு இருந்தால் முதல் நாளே.

இனி ஓட்டும்போது பஞ்சு வைத்த சைக்கிள் கால்சட்டைக்குள் உள்ளாடை போடாதீர்கள். தையல்தான் தோலை அறுக்கிறது. முடித்த பிறகு நண்பர்களோடு பேசிக்கொண்டு ஈரக் கால்சட்டையிலேயே ஒரு மணி நேரம் நிற்பது பாதிப் புண்களுக்குக் காரணம். மாற்றுடை பையின் மேலேயே இருக்கட்டும். ஆண்களுக்கும் பெண்களுக்கும் சேர்த்துச் சொல்கிறேன்: அந்தரங்கப் பகுதி மரத்துப்போய் ஓரிரு நாளில் உணர்வு திரும்பவில்லை என்றால் மறைக்காமல் மருத்துவரிடம் காட்டுங்கள்.

உடம்பு வலிக்கு ஐபுப்ரோஃபென் போட்டுக்கொள்ளலாமா? (ஷால்க்ராஸ்)

சவாரி நாளன்று வேண்டவே வேண்டாம். நீர் வற்றிய உடம்பில் அது சிறுநீரகத்தைத் தாக்கும். இரத்த அழுத்த மாத்திரை எடுப்பவர்களுக்கு ஆபத்து இன்னும் அதிகம். தாங்க முடியாவிட்டால் பாராசிட்டமால். சிறுநீர் கோலா நிறத்தில் போய், தசைகள் வீங்கி வலித்தால் தசை சிதைந்து இரத்தத்தில் கலக்கிறது என்று பொருள். நேரே அவசரப் பிரிவுக்குச் செல்லுங்கள்.

வழியெங்கும் தண்ணீர் குடித்தேன். முடித்தபின் தலைவலி, குமட்டல், மோதிரம் கழற்ற முடியவில்லை. இன்னும் குடிக்கச் சொன்னார்கள். (வெருலம்)

குடிக்கச் சொன்னவர்கள் நல்ல மனத்தோடு தவறான வழி காட்டியிருக்கிறார்கள். நீங்கள் சொல்லும் அறிகுறிகள் நீர் மிஞ்சி, இரத்தத்தில் சோடியம் நீர்த்துப்போனதைக் காட்டுகின்றன. அதற்கு மேல் வெறும் தண்ணீர் ஊற்றுவது உயிருக்கே ஆபத்து. பேச்சில் குழப்பம் தெரிந்தால் ஆம்புலன்ஸ்தான். சவாரிக்கு முன்னும் பின்னும் எடை பாருங்கள். ஒரு கிலோ குறைந்திருந்தால் அடுத்த சில மணி நேரத்தில் ஒன்றேகால் முதல் ஒன்றரை லிட்டர், உப்பிட்ட உணவோடு. எடை கூடியிருந்தால் தாகம் எடுக்கும் வரை குடிக்க வேண்டாம்.

எனக்கு 22 வயது. செவ்வாய்க்கிழமையே நாற்பது கிலோமீட்டர் ஓட்டினேன், கால் நகரவில்லை. நவம்பரில் ஜோஹானஸ்பர்க் சவாரிக்கும் பெயர் கொடுத்திருக்கிறேன். பயிற்சி வீணாகிவிடுமா? (லெனேசியா)

ஒரு வார ஓய்வில் எதுவும் வீணாகாது தம்பி. தினமும் காலையில் படுக்கையை விட்டு எழும் முன் ஒரு நிமிடம் நாடி பார்த்துக் குறித்து வையுங்கள். வழக்கத்தைவிட ஏழெட்டுத் துடிப்பு கூடுதலாக இருக்கும் வரை உடம்பு இன்னும் வேலையில் இருக்கிறது. முதல் வாரம் அரை மணி நேர மென்சவாரி இரண்டு போதும். இரண்டாம் வாரம் வழக்கமான தூரத்தில் பாதி. மேடுகளும் வேகமும் அதற்குப் பிறகு. காய்ச்சலோ நெஞ்சுச் சளியோ இருந்தால் எல்லாவற்றையும் நிறுத்துங்கள். ஜோஹானஸ்பர்க் கடல் மட்டத்திலிருந்து 1,700 மீட்டருக்கு மேல் இருக்கிறது. நீங்கள் அங்கேயே வசிப்பதால் அது உங்களுக்குச் சாதகம்.

பதக்கத்தைச் சுவரில் மாட்டிவிட்டேன். ஏனோ மனம் வெறுமையாக இருக்கிறது. வீட்டில் சொன்னால் நன்றிகெட்ட பேச்சு என்பார்கள். (பீட்டர்மாரிட்ஸ்பர்க்)

நன்றிகெட்டதனம் இல்லை. பல மாதம் விடியற்காலை உங்களை எழுப்பிய ஒன்று திடீரென்று இல்லாமல் போயிருக்கிறது. திருமணம் முடிந்த வீட்டில் பந்தல் பிரித்த மறுநாள் இருக்கும் அமைதி அது. தூக்கக் குறைவும் உடற்களைப்பும் அதைக் கூட்டும், ஆகவே முதலில் ஒரு வாரம் எட்டு மணி நேரம் தூங்குங்கள். உடனே அடுத்த பந்தயத்துக்குப் பணம் கட்டிவிடாதீர்கள். விடியலில் எழும் பழக்கத்தை மட்டும் விடாமல், உங்களோடு பயிற்சி செய்தவர்களைத் தேநீருக்கு அழைத்து, இஞ்சாங்கா மேட்டில் யார் இறங்கித் தள்ளினார்கள், யார் ஏறி முடித்தார்கள் என்று பேசித் தீருங்கள். இரண்டு வாரம் கடந்தும் உணவிலும் வேலையிலும் நாட்டமில்லாமல் இருந்தால், முழங்கால் வலிக்குப் போவதுபோலவே மருத்துவரிடம் போங்கள். தயங்கினால் எனக்கு மீண்டும் எழுதுங்கள். உங்கள் பெயர் வராது.