இலவசப் பந்தயம் உண்மையில் எவ்வளவு பெறும்? – கேள்வி பதில்

லண்டனில் ஒரு பந்தய நிறுவனத்தில் கால்பந்து ஆட்டங்களுக்கு விலை போடும் பிரிவில் வேலை பார்த்தவன் நான். இப்போது மதுரை நரிமேட்டில் இருக்கிறேன். பிரிட்டனில் இருக்கும் நம் ஊர்ப் பிள்ளைகளும் அவர்களைப் பெற்றவர்களும் கேட்டவற்றுக்கு இங்கே பதில் சொல்கிறேன். தமிழ்நாட்டில் உட்கார்ந்துகொண்டு ஆடுவது வேறு கதை. 2022ஆம் ஆண்டு ஆன்லைன் சூதாட்டத் தடைச் சட்டப்படி ஆடுபவருக்கே மூன்று மாதம் வரை சிறை, அல்லது 5,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். அதற்குக் குறுக்கு வழி கேட்காதீர்கள்.

லெஸ்டரில் படிக்கும் மாணவர், சொந்த ஊர் வாடிப்பட்டி: அண்ணே, 10 பவுண்டு பந்தயம் கட்டினால் 10 பவுண்டுக்கு இலவசப் பந்தயம் தருகிறார்கள். அப்படியென்றால் 10 பவுண்டு லாபம்தானே?

இல்லை தம்பி. விளக்குத்தூண் ஜவுளிக்கடையில் தரும் 500 ரூபாய் கூப்பனைக் கொண்டுபோய் டீக்கடையில் நீட்ட முடியுமா? இதுவும் அந்த வகைதான்.

விலை என்பது, வென்றால் கட்டியது எத்தனை மடங்காகத் திரும்பும் என்று சொல்லும் எண். சொந்தப் பணத்தில் 10 பவுண்டை 5.00 விலையில் கட்டி வென்றால் கைக்கு 50 வரும். அதில் 10 நீ கட்டியது, 40 லாபம். இலவசப் பந்தயத்தில் அந்த 40 மட்டுமே வரும். கட்டிய தொகை திரும்பாது. பலரும் கவனிக்காத இடம் இதுதான். அதனால் வெல்லும் வாய்ப்பு அதிகமுள்ள அணியின் மேல் இலவசப் பந்தயத்தைக் கட்டுவது வீண். 1.50 விலையுள்ள அணி வென்றாலும் 5 பவுண்டுதான் வரும். நிறுவனத்தின் பங்கையும் கழித்தால் அந்தச் சீட்டின் சராசரி மதிப்பு 3 பவுண்டைச் சற்றுத் தாண்டும், அவ்வளவுதான். அதே சீட்டை 5.00 விலையில் கட்டினால் மதிப்பு ஏழரை பவுண்டுக்கு அருகில் வரும்.

நிறுவனத்தின் பங்கை நீயே கணக்கிடலாம். சொந்த மண் அணிக்கு 1.80, சமனுக்கு 3.60, எதிரணிக்கு 4.50 என்று விலை இருந்தால், ஒன்றை ஒவ்வொரு விலையாலும் வகுத்துக் கூட்டு. 1.056 வரும். ஒன்றுக்கு மேல் நிற்கும் அந்த ஐந்தரை சதவீதம்தான் கடைக்காரன் கூலி.

ஆனையூர் வாசகர்: சனிக்கிழமை ஆட்டத்தில் யார் ஜெயிப்பார்கள்?

தெரியாது. தெரிந்திருந்தால் நான் சம்பளத்துக்கு விலை போட்டுக்கொண்டிருந்திருக்க மாட்டேன்.

திருமங்கலத்திலிருந்து ஓய்வுபெற்ற கணித ஆசிரியர்: 5.00 விலை என்றால் ஐந்தில் நான்கு முறை தோற்கும். ஒரே ஒரு சீட்டு வைத்திருப்பவனிடம் சராசரியைப் பேசி என்ன பயன்?

சரியான கேள்வி, ஐயா. அதற்குத்தான் எக்ஸ்சேஞ்ச் இருக்கிறது. அங்கே ஆடுபவர்களே ஒருவருக்கொருவர் எதிராகப் பந்தயம் கட்டுவார்கள். ஒரு அணி வெல்லாது என்றும் கட்டலாம். 10 பவுண்டு இலவசச் சீட்டை நிறுவனத்தில் 5.00 விலையில் கட்டுகிறோம். எக்ஸ்சேஞ்சில் அதே அணிக்கு எதிராக 5.20 விலையில் 7.72 பவுண்டு கட்டுகிறோம். அதாவது அணி வெல்லாவிட்டால் எதிராளியின் 7.72 நமக்கு, வென்றால் அதைப்போல் 4.20 மடங்கை நாம் அவருக்குக் கொடுக்க வேண்டும். தரகு 2 சதவீதம். அணி வென்றால் இங்கே 40 வரும், அங்கே 32.42 போகும். வெல்லாவிட்டால் இங்கே ஒன்றும் போகாது, அங்கே தரகு போக 7.57 வரும். எப்படி முடிந்தாலும் கையில் சுமார் 7.57.

இலவசச் சீட்டைப் பெற முதலில் சொந்தப் பணத்தில் கட்டும் பந்தயத்தையும் இதே முறையில் ஈடுகட்டலாம். 2.00க்குக் கட்டி, 2.06க்கு எதிர்ப்பந்தயம் வைத்தால் 39 பென்ஸ் நஷ்டம். மிச்சம் 7.18.

அதே ஆசிரியர்: 7.18 பவுண்டுக்காக ஒரு மாணவன் 32 பவுண்டை முடக்க வேண்டும். இரண்டு பொத்தான்களை அழுத்தும் இடைவெளியில் விலை மாறினால்?

மாறும். கோல் விழுந்தால் ஒரே நொடியில் மாறும். அதனால் ஆட்டம் தொடங்கும் முன்பே இரண்டையும் முடித்துவிட வேண்டும். அணியை மாற்றி அழுத்திவிட்டால் ஈடு என்ற பேச்சே இல்லை, நஷ்டம் முழுதாக விழும்.

கோவென்ட்ரியில் வேலை பார்ப்பவர், சொந்த ஊர் மேலூர்: ஆசிரியர் பயமுறுத்துகிறார். நான் இதைச் செய்கிறேன், இது சூதாட்டமே இல்லை, உழைப்பு. வரியும் கிடையாது.

வரி இல்லை என்பது சரி. பந்தயம் கட்டுபவர் மீதான வரியை பிரிட்டன் 2001இலேயே எடுத்துவிட்டது. மற்றதற்கு ஆசிரியரே பதில் அனுப்பியிருக்கிறார்.

ஆசிரியர்: உழைப்பு என்றால் கூலிக் கணக்குப் பார்ப்போம். கணக்குத் திறந்து, அடையாளச் சான்று கொடுத்து, நிபந்தனை படித்து, இரண்டு பக்கமும் விலை பொருத்த ஒரு மணி நேரமாவது ஆகாதா? பிரிட்டனில் 21 வயது நிரம்பியவருக்கு 2025 ஏப்ரலிலேயே குறைந்தபட்ச ஊதியம் மணிக்கு 12.21 பவுண்டாக இருந்தது. கடையில் பெட்டி அடுக்கினால் இதைவிட அதிகம் கிடைக்குமே!

கோவென்ட்ரிக்காரர்: 50 பவுண்டுச் சலுகைக்கும் அதே ஒரு மணி நேரம்தான். அப்போது?

அப்போது உங்கள் பக்கம் வலுக்கிறது. ஆனால் அத்தகைய சலுகை பெரும்பாலும் புதியவருக்கு ஒரு முறைதான். அதன்பின் சலுகைகளை மட்டும் பொறுக்குபவரை நிறுவனம் கண்டுபிடித்துவிடும். அப்படிப்பட்டவர்களின் பட்டியலைப் போடும் மேசைக்கு அடுத்த மேசையில் உட்கார்ந்திருந்தவன் சொல்கிறேன். சலுகை நிற்கும், கட்டக்கூடிய தொகை சில்லறையாகச் சுருங்கும். இதை மாதச் சம்பளமாக நினைத்து வாடகைக்குக் கணக்குப் போடாதீர்கள். இந்த வழக்கில் ஆசிரியருக்கு ஒரு வாக்கு கூடுதலாகப் போடுகிறேன்.

உசிலம்பட்டி வாசகர்: சித்தப்பா மகன் பெயரிலும் கணக்குத் திறக்கலாமா?

கூடாது. பணத்தையும் வைத்துக்கொண்டு கணக்கையும் மூடுவார்கள். சித்தப்பா வீட்டில் என்ன நடக்கும் என்பது உங்களுக்கே தெரியும்.

சோழவந்தான் வாசகர்: ஐந்து ஆட்டங்களைச் சேர்த்துக் கட்டினால், ஒன்று தவறினாலும் பணம் இலவசப் பந்தயமாகத் திரும்பும் என்கிறார்களே?

ஐந்தரை சதவீதக் கூலியை ஐந்து முறை பெருக்கினால் 31 சதவீதம் ஆகிறது. அதற்கு ஈடாக ஒரு சீட்டு தருகிறார்கள், அதுவும் பணம் அல்ல. கட்டிய தொகை திரும்பாது என்று மேலே சொன்னதை மறுபடி படியுங்கள்.

நத்தம் வாசகர்: 2022 உலகக் கோப்பை இறுதியில் அர்ஜென்டினா வென்றது. லண்டனில் என் நண்பர் அதன் வெற்றிக்குத்தான் கட்டினார். பணம் வரவில்லை. ஏமாற்றுதானே?

இல்லை. ஆட்ட முடிவுப் பந்தயம் என்பது 90 நிமிடமும் காயத்துக்காகக் கூட்டும் நேரமும் மட்டுமே. அப்போது 2–2, அதனால் சமன். கூடுதல் நேரத்தில் 3–3 ஆனதும், பெனால்டியில் 4–2 என வென்றதும் அதில் சேராது. கோப்பையை வெல்லும் அணி என்று தனிப் பந்தயம் இருக்கிறது, அதில் கட்டியிருக்க வேண்டும்.

அந்த ஆட்டம் இன்னொரு வகையில் சுவையானது. ஓர் அணி இரண்டு கோல் முன்னிலை பெற்றாலே வெற்றியாகக் கணக்கிட்டுப் பணம் தரும் சலுகை சில நிறுவனங்களில் உண்டு. அர்ஜென்டினா 80ஆவது நிமிடம் வரை 2–0 என்று முன்னே நின்றது. அப்படிப்பட்ட சலுகையில் அர்ஜென்டினாவுக்குக் கட்டி, எக்ஸ்சேஞ்சில் எதிராகவும் கட்டியவருக்கு இரண்டு பக்கமும் பணம் வந்திருக்கும். 2005இல் இஸ்தான்புல்லில் மிலான் இடைவேளையில் 3–0 முன்னிலை பெற்று, லிவர்பூல் 3–3 ஆக்கியதும் அதே வகை. இத்தகைய இரவுகள் அபூர்வம் என்பதால்தான் நிறுவனம் அந்தச் சலுகையைத் தருகிறது.

மேலூர் வாசகர்: டெலிகிராமில் ஒருவர் 5,000 ரூபாய்க்கு முடிவு உறுதியான ஆட்டம் தருகிறார்.

தரமாட்டார். பணம் அனுப்பிவிட்டிருந்தால் உடனே சைபர் குற்ற உதவி எண் 1930க்கு அழையுங்கள்.

பெயர் சொல்லாத வாசகர்: விபிஎன் போட்டு, இருக்கும் நாட்டை மறைத்து ஆடினால்...

முதல் பத்தி.

அனுப்பானடி வாசகர்: விபிஎன்...

முதல் பத்தி!

ஒரு தாயார், செல்லூர்: பிரிட்டனில் இருக்கும் என் மகன் இப்படித்தான் சலுகையில் தொடங்கினான். இப்போது கட்டணப் பணமும் போய்விட்டது, நிறுத்த முடியவில்லை என்று அழுகிறான்.

அம்மா, கேம்ஸ்டாப் என்ற இலவசச் சேவையில் அவனே பதிவு செய்யட்டும். பிரிட்டனில் உரிமம் பெற்ற ஆன்லைன் பந்தயத் தளங்கள் அனைத்தும் அவனுக்கு மூடப்படும். ஐந்து ஆண்டைத் தேர்ந்தெடுக்கச் சொல்லுங்கள். வங்கியிலும் சூதாட்டப் பரிவர்த்தனைக்குத் தடை கேட்கலாம். உங்களுக்கு மனம் தாங்கவில்லை என்றால் மனநல உதவி எண் 14416க்குப் பேசுங்கள், தமிழிலேயே பேசலாம். அவனைத் திட்டுவதை அடுத்த மாதம் வைத்துக்கொள்ளலாம்.

லெஸ்டர் மாணவர்: அண்ணே, ஸ்க்ரில் என்ற இணையப் பணப்பை வழியாக 10 பவுண்டு போட்டு ஒரு கணக்குத் திறந்துவிட்டேன். இலவசச் சீட்டு இன்னும் வரவில்லை.

வராது. ஸ்க்ரில், நெட்டெல்லர் போன்ற இணையப் பணப்பைகள் வழியாகப் போடும் பணத்துக்குச் சலுகை கிடையாது என்று பெரும்பாலான நிறுவனங்களின் நிபந்தனையில் இருக்கும். டெபிட் கார்டு கேட்பார்கள். கிரெடிட் கார்டில் பந்தயம் கட்ட 2020 ஏப்ரலிலிருந்தே அங்கே தடை. இன்னும் எதுவும் கட்டவில்லை என்றால் அந்தப் பத்தை எடுத்துக்கொண்டு படிக்கப் போ தம்பி.