கிட்டார்ல எஃப் கார்டு பிடிச்சா விரல் வலி, மழைக்காலத்துல துரு: எந்த ஸ்ட்ரிங் போடறது?

மும்பைல இருக்கேன், 12-53 செட் போட்டுப் பாடிக்கிட்டே ஸ்ட்ரம் பண்றேன், எஃப் பிடிச்சா வலிக்குது, மழைல ஸ்ட்ரிங் துருப்பிடிக்குதுன்னு கேட்டிருந்தீங்க. அந்த 12-53 செட்டைக் (ரொம்ப மெல்லிசு, ரொம்ப தடி ஸ்ட்ரிங்கோட தடிமன், இஞ்ச்ல ஆயிரத்துல ஒரு பங்கு கணக்குல) கழட்டிட்டு 11-52 பாஸ்பர் பிரான்ஸ் (தடி ஸ்ட்ரிங் மேல சுத்தியிருக்கற செம்புக் கலவை) போடுங்க, அதுவும் கோட்டட் (மேல மெல்லிசா பாதுகாப்புப் பூச்சு போட்ட) செட்டா. பாடிக்கிட்டே ஸ்ட்ரம் பண்றேன்னு சொன்னீங்க இல்லையா, அதனால 10-47 வரைக்கும் இறங்காதீங்க, விரலுக்கு சுகமா இருக்கும் ஆனா பேஸ் (தடி ஸ்ட்ரிங்கோட கனமான சத்தம்) மெலிஞ்சு போயிடும், கொஞ்சம் அழுத்தி அடிச்சா ஃபிரெட்ல (நெக் மேல குறுக்கா இருக்கற உலோகக் கம்பி) படபடன்னு தட்டும்.

எஃப் மட்டும்தான் அவ்ளோ வலின்னா, அது முதல் ஃபிரெட்ல பிடிக்கறதால, அதை ஒட்டி இருக்கற நட் (நெக் நுனில ஸ்ட்ரிங் உக்கார்ற பள்ளம் வெட்டின பட்டை) உயரமா இருக்க சான்ஸ் அதிகம், விலை கம்மியான கிட்டார்ல இது ரொம்ப சகஜம். ஒவ்வொரு ஸ்ட்ரிங்கையும் 3-வது ஃபிரெட்ல அழுத்திட்டு முதல் ஃபிரெட் மேல எவ்ளோ கேப் இருக்குன்னு பாருங்க. ஒரு பேப்பர் நுழையற அளவு போதும். அதுக்கு மேல நல்லா தெரிஞ்சா மும்பை தோபி தலாவ் பக்கம் கிட்டார் ரிப்பேர் பண்றவங்க கிட்ட காட்டுங்க. நீங்களே அரம் போட்டுத் தேய்க்காதீங்க ப்ளீஸ், அதிகமா தேய்ஞ்சா நட்டையே மாத்தணும்.

துருவுக்கு: மும்பை மழைல மேல கம்பி சுத்தாத ரெண்டு மெல்லிசு ஸ்ட்ரிங்தான் முதல்ல போகும். வாசிச்சு முடிச்சதும் காய்ஞ்ச பருத்தித் துணியால அடிப்பக்கமும் சேர்த்து துடைங்க, கோட்டட் போட்டாலும் இதை விடாதீங்க.

இன்னொண்ணு, 11-52க்கு மாறினா இழுவை குறையும், நெக் லேசா நிமிர்ந்து ஸ்ட்ரிங் ஃபிரெட்ல உரசற ரீங்காரம் புதுசா வரலாம். ரெண்டு மூணு நாள் விட்டுப் பாருங்க, போகலைன்னா ட்ரஸ் ராடை (நெக்குக்குள்ள அதோட வளைவை சரி பண்ற கம்பி) கால் சுத்துக்குள்ள லூஸ் பண்ணா சரியாகும்.

இதெல்லாம் ஸ்டீல் ஸ்ட்ரிங் கிட்டாருக்குத்தான். உங்களது நைலான் போட்ட கிளாசிக்கல்னா ஸ்டீல் போடவே கூடாது, பிரிட்ஜ் (கிட்டார் உடம்புல ஸ்ட்ரிங் கட்டற பலகை) பேர்ந்துடும்.