லினக்ஸ் ஸ்னாப்ஷாட்: கேட்டவையும் என் பதில்களும்

கேள்வி: பிடிஆர்எஃப்எஸ் கோப்பு முறைமையில், என் சொந்தக் கோப்புகள் இருக்கும் 200 ஜிபி ஹோமை ஸ்னாப்ஷாட் எடுத்தேன். ஒரு நொடிகூட ஆகவில்லை. நிஜமாகவே எடுத்ததா?

எடுத்தது, பயப்படாதீர்கள். ஸ்னாப்ஷாட் என்பது கோப்புகள் அந்த நொடியில் இருக்கும் நிலையைப் பிடித்து வைப்பது. பிடிஆர்எஃப்எஸ் ஒரு கோப்பைத் திருத்தும்போது வழக்கமாகப் பழைய பிளாக்கின் (தரவு இருக்கும் சிறு துண்டு) மேல் எழுதாது. புது இடத்தில் எழுதிவிட்டு, அந்த இடத்தைக் காட்டும் சுட்டியை மட்டும் மாற்றிக்கொள்ளும். ஸ்னாப்ஷாட் எடுப்பதென்றால், அதே பிளாக்குகளைச் சுட்டக் கோப்பு மரத்துக்கு இன்னொரு வேரைப் போடுவது, அவ்வளவுதான். எதையும் நகலெடுப்பதில்லை என்பதால் 2 ஜிபி ஆனாலும் 200 ஜிபி ஆனாலும் கண் மூடித் திறப்பதற்குள் முடிந்துவிடும்.

கேள்வி: டிஸ்க் நிறைந்துவிட்டது என்று 40 ஜிபி வீடியோக்களை அழித்தேன். காலி இடம் ஒரு எம்பி கூடவில்லை!

எனக்கு அதிகம் வரும் கேள்வி இதுதான். நீங்கள் அழித்தது இன்றைய பெயரை மட்டும். பழைய ஸ்னாப்ஷாட்டுகள் அந்த பிளாக்குகளை இன்னும் பிடித்துக்கொண்டிருக்கின்றன. இடத்தைக் கணக்கிடும் சாதாரண டியூ கட்டளை இங்கே உதவாது, பகிர்ந்த பிளாக்கையும் ஒவ்வொரு ஸ்னாப்ஷாட்டிலும் தனித்தனியாக எண்ணிவிடும். 'பிடிஆர்எஃப்எஸ் ஃபைல்சிஸ்டம் டியூ மைனஸ் எஸ்' கொடுத்து, எக்ஸ்க்ளூசிவ் (அதற்கு மட்டுமே சொந்தமான இடம்) என்ற பத்தியைப் பாருங்கள். அந்த ஒரு ஸ்னாப்ஷாட்டை அழித்தால் எவ்வளவு கிடைக்கும் என்று கிட்டத்தட்டத் தெரியும்.

அதிலும் ஒரு சிக்கல். அந்த வீடியோ மூன்று ஸ்னாப்ஷாட்டுகளில் இருந்தால் எதன் எக்ஸ்க்ளூசிவ் கணக்கிலும் வராது. மூன்றையும் அழித்தால்தான் இடம் வரும். அழித்த உடனேயும் வராது, பின்னணியில் மெதுவாகத்தான் விடுவிக்கும். நான் ஒருமுறை இது தெரியாமல், 'அழியவில்லை போல' என்று அவசரப்பட்டு அடுத்தடுத்து நான்கை அழித்தேன். அப்புறம்தான் தெரிந்தது, முதல் ஒன்றே போதுமாக இருந்திருக்கும். 'பிடிஆர்எஃப்எஸ் சப்வால்யூம் சிங்க்' என்ற கட்டளையைக் கொடுத்தால் வேலை முடியும்வரை காத்திருக்கும்.

கேள்வி: என்னிடம் இருப்பது இஎக்ஸ்டி4 கோப்பு முறைமை. வழியே இல்லையா?

இஎக்ஸ்டி4க்குச் சொந்தமாக ஸ்னாப்ஷாட் கிடையாது. அடியில் எல்விஎம் (டிஸ்க் இடத்தைப் பிரித்துத் தரும் அடுக்கு) இருந்தால் அது எடுத்துத் தரும். அதன் வால்யூம் குரூப்பில் (மொத்த இடத் தொகுப்பு) காலி இடம் வேண்டும். ஒதுக்கிய இடம் நிரம்பினால் ஸ்னாப்ஷாட் செல்லாததாகிவிடும், மூலத்துக்கு ஒன்றும் ஆகாது. எல்விஎம்மும் இல்லையென்றால் டைம்ஷிஃப்ட் என்ற கருவியை ஆர்சிங்க் (கோப்புகளை நகலெடுக்கும்) முறையில் வைத்துக்கொள்ளுங்கள். முதல் முறை முழு நகல், அடுத்த முறைகளில் மாறாத கோப்புகளுக்கு ஹார்டுலிங்க், அதாவது அதே கோப்புக்கு இன்னொரு பெயர்.

கேள்வி: அப்டேட் சொதப்பியதால் பழைய ஸ்னாப்ஷாட்டுக்குத் திரும்பினேன் அண்ணா. சிஸ்டம் வருகிறது, ஆனால் வைஃபை இல்லை.

உங்கள் பூட் (கர்னல் இருக்கும் கோப்புறை) தனிப் பார்ட்டிஷனா, அதாவது டிஸ்க்கின் தனிப் பிரிவா? அப்படியானால் அது ஸ்னாப்ஷாட்டில் சேரவே இல்லை. ரூட் (சிஸ்டம் கோப்புகள்) பழையதாகிவிட்டது, கர்னல் (சிஸ்டத்தின் மையக் கரு) புதியதாகவே நிற்கிறது. 'யூநேம் மைனஸ் ஆர்' கர்னலுக்கு என்ன பதிப்பு எண் சொல்கிறது என்று பாருங்கள். அதே எண்ணில் லிப்-க்குள் மாட்யூல்ஸ் கோப்புறையில் ஒன்று இருக்கிறதா? இல்லையென்றால் அதுதான் காரணம்: கர்னலுக்கு வைஃபை டிரைவர் அகப்படவில்லை. கணினி தொடங்கும்போது வரும் கிரப் மெனுவில் பழைய கர்னல் மிச்சமிருந்தால் அதில் ஏறுங்கள், சரியாகிவிடும். இல்லையென்றால் லைவ் யூஎஸ்பியில் ஏறி, சீரூட் போட்டு (டிஸ்க்கில் உள்ள சிஸ்டத்துக்குள் நுழைந்து), கர்னல் பேக்கேஜை மறுபடி நிறுவ வேண்டியதுதான்.

கேள்வி: ரூட் ஸ்னாப்ஷாட்டுக்குள் போய்ப் பார்த்தால் ஹோம் காலியாக இருக்கிறதே?

ஹோம் தனி சப்வால்யூமாக (பிடிஆர்எஃப்எஸ்ஸுக்குள் ஒரு தனிக் கோப்பு மரம்) இருக்கும். ஸ்னாப்ஷாட் அந்த எல்லையைத் தாண்டாது. அது நல்லதுதான். ரூட்டைப் பின்னுக்கு இழுக்கும்போது நேற்று எழுதிய கோப்பும் சேர்ந்து போகக் கூடாதல்லவா? ஹோமுக்கு வேண்டுமானால் தனியாக எடுங்கள்.

கேள்வி: எத்தனை வைத்துக்கொள்ளலாம்?

என் கணக்கு: ஹோமுக்கு மணிக்கொன்றாக 6, நாளுக்கொன்றாக 7, வாரத்துக்கொன்றாக 4. ரூட்டுக்கு அப்டேட்டுக்கு முன்னும் பின்னும் மட்டும். ஸ்னாப்பர் என்ற கருவி இதையெல்லாம் தானே பார்த்துக்கொள்ளும், பழையதைக் கழித்தும்விடும்.

கேள்வி: அப்படியானால் வெளி டிஸ்க்கில் பேக்கப் எடுப்பதை நிறுத்திவிடலாமா?

கூடவே கூடாது. டிஸ்க் செத்தால் அதிலிருக்கும் ஸ்னாப்ஷாட்டுகளும் கூடவே போகும். வெளி டிஸ்க்கும் பிடிஆர்எஃப்எஸ் என்றால் ஸ்னாப்ஷாட்டை அனுப்பும் சென்ட், பெறும் ரிசீவ் ஆகிய இரண்டு கட்டளைகளையும் பழகிக்கொள்ளுங்கள். அனுப்பப்போகும் ஸ்னாப்ஷாட்டை மைனஸ் ஆர் போட்டுப் படிக்க-மட்டும் வகையில் எடுங்கள், இல்லாவிட்டால் சென்ட் மறுத்துவிடும். இரண்டாம் முறை மைனஸ் பி கொடுத்து முந்தையதைக் காட்டினால் வித்தியாசம் மட்டும் போகும். அந்த முந்தையது இரண்டு பக்கமும் இருக்க வேண்டும். இடம் வேண்டுமே என்று இந்தப் பக்கத்தில் அதை அழித்துவிட்டுத்தான் பலர் வந்து கேட்கிறார்கள். பொதுவானது வேறெதுவும் இல்லையென்றால் மறுபடி முழுதாகத்தான் அனுப்ப வேண்டும்.